குராகே நாட்டில் மருத்துவச்சிகளோடு ஏழு நாள்

முதல் நாள், ஞாயிறு: அடிஸ் அபாபாவிலிருந்து வொல்கிட்டே

எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபா கடல் மட்டத்துக்கு 2,300 மீட்டருக்கு மேலே இருக்கிறது. ஊட்டியை விடச் சற்று உயரம். அங்கிருந்து தென்மேற்கே ஜிம்மா சாலையைப் பிடித்து, செபெட்டா, வொலிசோ வழியாகச் சுமார் 155 கிலோமீட்டர் போனால் குராகே பகுதியின் வொல்கிட்டே. இந்தப் பகுதி மருத்துவச்சிகளுக்கு இந்த வாரம் பயிற்சி. ஊருக்குள் நுழைந்ததும் நம்மூர் ஆட்டோக்கள் எதிரே வருகின்றன. இங்கே ஆட்டோவுக்குப் பெயரே பஜாஜ்தான்.

வொலிசோ தாண்டியதும் வீடுகளைச் சுற்றி வாழைத்தோப்பு போல ஒன்று தெரியும். அது வாழை இல்லை, என்செட். வாழைக்கு ஒன்றுவிட்ட உறவு, ஆனால் பழத்துக்காக வளர்ப்பதில்லை. அடிமட்டையையும் கிழங்கையும் சுரண்டி, குழியில் புளிக்க வைத்து, கொச்சோ என்ற ரொட்டி சுடுகிறார்கள். சுரண்டுவது பெண்களின் வேலை. சாய்த்து வைத்த பலகையில் மட்டையைக் காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மூங்கில் சுரண்டியால் மேலிருந்து கீழே இழுக்க வேண்டும். நிறைமாதத்திலும் இந்த வேலை நிற்பதில்லை. "இவ்வளவு நேரம் ஏன் வீட்டிலேயே இருந்தாய்?" என்று பிரசவ அறையில் கேட்பதற்கு முன் அந்தப் பலகையை ஒரு தரம் பார்த்துவிட்டு வர வேண்டும்.

இங்குள்ள சுகாதார அமைப்பு மூன்று படி. கிராமத்தில் 3,000 முதல் 5,000 பேருக்கு ஒரு தேனா கெல்லா, அதாவது சுகாதாரச் சாவடி. அதில் ஓராண்டுப் பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்கள் இருவர். 2003-ல் தொடங்கிய திட்டம் இது. ஐந்து சாவடிக்கு ஒரு தேனா தபியா, சுகாதார நிலையம். சுமார் 25,000 பேருக்கு ஒன்று. பிரசவம் பார்ப்பது இங்கேதான், பார்ப்பவர் மருத்துவச்சிதான். வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுக்கவும் ரத்தம் ஏற்றவும் அதற்கு மேலே மருத்துவமனை.

மருத்துவச்சிக்கு அம்ஹாரிக்கில் அவாலாஜ் என்று பெயர். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சொல். எத்தியோப்பியாவில் இந்த வேலையில் ஆண்கள் கணிசம். தமிழில் எழுதும்போது மருத்துவச்சி என்றே எழுதுகிறோம், அவர்களையும் சேர்த்துத்தான்.

2000-ல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பில், ஒரு லட்சம் குழந்தை பிறந்தால் 871 தாய்மார் இறந்தார்கள். 2016-ல் அது 412. மருத்துவ நிலையத்தில் பிரசவித்தவர்கள் 2005-ல் நூற்றுக்கு 5 பேர், 2016-ல் 26, 2019-ல் 48. பெண்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். வந்த பிறகு அந்த அறையில் என்ன கிடைக்கிறது என்பதுதான் இந்த வாரத்து வேலை.

இரண்டாம் நாள், திங்கள்: அலமாரிச் சாவி

பயிற்சி விடுதி மண்டபத்தில் இல்லை, ஒரு சுகாதார நிலையத்தின் பிரசவ அறையிலேயே. சுற்றுவட்டத்து ஏழு நிலையங்களிலிருந்து இருவர் இருவராக வந்திருக்கிறார்கள். ஒருவர் மட்டும் கற்றுக்கொண்டு திரும்பினால், ராத்திரி கூட நிற்பவருக்கு இவர் சொல்வது விளங்காது, ஒத்திகை பார்க்கவும் துணை இருக்காது. எத்தியோப்பியாவில் வேலை பார்த்த ஆஸ்திரேலிய மகப்பேறு மருத்துவர் கேத்தரின் ஹாம்லின் 2007-ல் தொடங்கிய மருத்துவச்சிக் கல்லூரியும் படித்து முடித்தவர்களை ஜோடியாகத்தான் கிராமத்துக்கு அனுப்புகிறது.

பிரசவ அறையிலேயே நடத்துவதற்குக் காரணம் தான்சானியாவின் ஹைடம் மருத்துவமனை கற்றுத் தந்த பாடம். பிறந்த குழந்தைக்கு மூச்சு கொடுப்பதை அங்கே ஒரு நாள் வகுப்பாக நடத்தினார்கள். பொம்மையை வைத்து எடுத்த தேர்வில் முன்பைவிட நிறையப் பேர் தேறினார்கள், வார்டில் மட்டும் எதுவும் மாறவில்லை. பிறகு அதே பயிற்சியை வார்டிலேயே, வாரந்தோறும் சில நிமிட ஒத்திகையாக மாற்றினார்கள். முதல் 24 மணி நேரத்துச் சிசு இறப்பு குறைந்தது. பாடம் அதேதான், அளவும் இடமும்தான் மாறின.

காலையில் முதல் வேலையாக, முன்னறிவிப்பு இல்லாமல் ஒரு கேள்வி: "ரத்தம் ஊற்றுகிறது. ஆக்ஸிடோசின் கொண்டு வாருங்கள்." கையில் கடிகாரம். கர்ப்பப்பையை இறுக்கி ரத்தத்தை நிறுத்தும் அந்த மருந்து தடுப்பூசிக் குளிர்பெட்டியில், குளிர்பெட்டி வேறு அறையில், அந்த அறைச் சாவி மருந்தாளரிடம். சிரிஞ்சு ஒரு அலமாரி, ஊசி இன்னொரு அலமாரி. பகலில், எல்லா ஊழியரும் இருக்கும்போதே ஏழு நிமிடம் போய்விட்டது. இதில் யாரையும் குறை சொல்ல வழியில்லை. களவு போகக் கூடாது என்று பூட்டியது சரி, குளிரில் வைத்ததும் சரி. இரண்டு சரியும் சேர்ந்துதான் இந்த ஏழு நிமிடம்.

ஆக்ஸிடோசின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். வெளியே கிடந்தால் வீரியம் கரையும், ஆனால் நிறம் மாறாது, கலங்காது. பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது. மருந்து போட்டும் கர்ப்பப்பை இறுகவில்லை என்றால் மருத்துவச்சி தன் கையைத்தான் சந்தேகிப்பாள். ஆகவே ஏற்பாடு இப்படி: ஒவ்வொரு ஷிஃப்ட் தொடக்கத்திலும் அந்த ஷிஃப்டுக்கு வேண்டிய ஆம்பூல்கள் மட்டும் குளிர்பையோடு பிரசவ அறைக்கு வரும், மிச்சம் ஷிஃப்ட் முடிந்ததும் குளிர்பெட்டிக்குத் திரும்பும். ஆம்பூலின் மேல் 5 யூனிட்டா 10 யூனிட்டா என்று வாய்விட்டுப் படிக்க வேண்டும். இரண்டு அளவும் சந்தையில் உண்டு. 5 யூனிட் ஆம்பூல் ஒன்றைப் போட்டுவிட்டு முழு அளவு கொடுத்தாயிற்று என்று நினைப்பது அடிக்கடி நடக்கிற தவறு.

மற்றவை ஒரே பெட்டியில்: ரத்தக் கட்டி கரையாமல் காக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம் 500 மில்லிகிராம் ஆம்பூல் இரண்டு, கர்ப்பப்பையை இறுக்கும் மிசோப்ரோஸ்டால் 200 மைக்ரோகிராம் மாத்திரை நான்கு, பருமனான கேனுலா இரண்டு, டிரிப் செட், ஒரு லிட்டர் சலைன் இரண்டு, சிறுநீரை வடிக்கும் ஃபோலி கதீட்டர் பையோடு, 5 மற்றும் 10 மில்லி சிரிஞ்சு, முழங்கை வரை வரும் கையுறை, பிளாஸ்டர். மூடிக்குப் பூட்டு கிடையாது. பூட்டுக்குப் பதில் மூடியைச் சுற்றி ஒரு காகித நாடா, அதில் கையெழுத்தும் தேதியும். நாடா கிழிந்திருந்தால் யாரோ பயன்படுத்தியிருக்கிறார்கள், நிரப்ப வேண்டும் என்று பொருள்.

பிற்பகலில் கடிகாரமும் நாள்காட்டியும். வெளியிலிருந்து வருகிற பயிற்சியாளர்கள் தடுக்கி விழும் இடம் இது. எத்தியோப்பியாவில் மணி விடியலிலிருந்து எண்ணப்படுகிறது. நமக்குக் காலை 7 என்றால் அவர்களுக்கு 1. சூரிய உதயத்திலிருந்து நாழிகை எண்ணிய நமக்கு இது அந்நியமான கணக்கு இல்லை. ஆனால் பிரசவக் குறிப்பில் "3 மணி" என்று மட்டும் எழுதினால் அது நம் காலை 9 ஆகவும் இருக்கலாம், இரவு 9 ஆகவும் இருக்கலாம். மெஷின் அச்சடிக்கும் நேரம் இன்னொரு கணக்கு. ஆகவே எண்ணுக்குப் பக்கத்தில் பகல், இரவு என்று எழுதாத குறிப்பு செல்லாது என்று வைத்துக்கொண்டோம்.

பிரசவத் தேதியும் அப்படித்தான். எத்தியோப்பிய ஆண்டில் 30 நாள் மாதம் பன்னிரண்டு, கடைசியில் 5 அல்லது 6 நாளுக்கு பகுமே என்ற பதின்மூன்றாவது குட்டி மாதம். அதனால் கணக்கு உண்மையில் நம்முடையதை விட எளிது: கடைசி மாதவிலக்கின் முதல் நாளோடு 9 மாதம், 10 நாள் கூட்டினால் 280. இரண்டாம் மாதமான திகிம்த் 10 என்றால் பதினோராம் மாதமான ஹம்லே 20. இடையில் பகுமே வந்தால் 10-க்குப் பதில் 5 கூட்ட வேண்டும், பகுமே 6 நாளாக வரும் ஆண்டில் 4. ஐந்தாம் மாதமான திர் 10 என்றால் அடுத்த ஆண்டுத் திகிம்த் 15. ஆங்கில மாதம் அச்சடித்த கர்ப்பச் சக்கரத்தைக் கொடுத்து, தேதியை மாற்றச் சொல்லி, திரும்ப மாற்றச் சொன்னால் இரண்டு இடத்தில் பிழை நுழையும். தேதியே நினைவில்லாத பெண்ணிடம் புனிதர் நாளைக் கேட்க வேண்டும். ஒவ்வொரு மாதமும் 12 மிக்கேல், 21 மரியம், 23 கியோர்கிஸ். "மரியம் கழிந்து இரண்டு நாள்" என்றால் 23. முஸ்லிம் பெண்கள் பிறைக் கணக்கில் சொல்வார்கள். அதற்கு அட்டவணை சுவரில் இருக்கிறது.

மூன்றாம் நாள், செவ்வாய்: ரத்தம்

இன்று முழு நாளும் ஒரே பாடம். பிரசவத்தில் தாயைக் கொல்பவற்றில் முதலிடம் பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்குக்குத்தான்.

முதலில் கண்ணுக்குச் சோதனை. சிவப்புச் சாயம் கலந்த நீரை 300, 500, 1,000 மில்லி என்று அளந்து, துணியிலும் மெத்தை விரிப்பிலும் தரையிலும் ஊற்றி வைத்தோம். எவ்வளவு என்று ஒவ்வொருவரும் எழுத வேண்டும். லிட்டரை 400 என்று எழுதியவர்கள் உண்டு. துணி குடித்த ரத்தம் கண்ணில் படாது, கனமான துணி இன்னும் ஏமாற்றும். அனுபவம் கூடினால் கணிப்பு சரியாகும் என்பது தவறான நம்பிக்கை. பார்த்துப் பழகிய கண் பெரிய ரத்தப்போக்கைக்கூட "வழக்கம்தான்" என்று விட்டுவிடும்.

அளப்பது ஒன்றே வழி. குழந்தை பிறந்ததும் இடுப்புக்குக் கீழே அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பு. நுனியில் புனல் போன்ற பை. விரிப்பு இல்லாத இடத்தில் துணியை எடை போட வேண்டும். காய்ந்த துணியின் எடையைக் கழித்தால், ஒரு கிராம் ஒரு மில்லி. 2023-ல் வெளியான ஈ-மோட்டிவ் ஆய்வு கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியாவில் 80 மருத்துவமனைகளில் இதைத்தான் செய்து பார்த்தது. விரிப்பு வைத்து அளந்த இடங்களில் ரத்தப்போக்கில் 93 சதவீதம் கண்டுபிடிக்கப்பட்டது, மற்ற இடங்களில் 51. கண்டதும் எல்லாச் சிகிச்சையையும் ஒரே மூச்சில் கொடுத்ததால், கடுமையான விளைவுகள் 60 சதவீதம் குறைந்தன. புது மருந்து எதுவும் அதில் இல்லை.

பிறகு மாமா நடாலி. நார்வேயின் லேர்டால் நிறுவனத்துப் பிரசவ மாதிரி. பயிற்சியாளர் வயிற்றில் கட்டிக்கொள்கிற துணி உடுப்பு. உள்ளே குழந்தைப் பொம்மை, நஞ்சு (நஞ்சுக்கொடி), ரத்தப்பை. உள்ளே மறைந்திருக்கும் கையால் கர்ப்பப்பையை இறுக்கலாம், தளர்த்தலாம், ரத்தத்தைத் திறந்துவிடலாம். கட்டிலில் கிடப்பது பிளாஸ்டிக் அல்ல, பேசுகிற மனுஷி. "தலை சுற்றுகிறது, எங்கே போகிறீர்கள்?" என்று அவள் கேட்பாள். மருத்துவச்சி அவள் முகத்தைப் பார்த்துப் பதில் சொன்னாரா என்பதும் மதிப்பெண்ணில் உண்டு. இங்கே வலி எடுத்த பெண்ணிடம் சொல்லும் சொல் "அய்ஸோஷ்": தைரியமாக இரு, நான் இருக்கிறேன் என்ற இரண்டும் அதில் அடக்கம். கை வேலையில் இருக்கும்போதும் வாய் அதைச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

வரிசை இது. குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குள், வயிற்றைத் தொட்டு இன்னொரு குழந்தை இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, ஆக்ஸிடோசின் 10 யூனிட் தொடையில். தொப்புள்கொடியை ஒன்று முதல் மூன்று நிமிடம் கழித்துக் கவ்வ வேண்டும். கர்ப்பப்பை இறுகும்போது மட்டும், ஒரு கை அடிவயிற்றில் கர்ப்பப்பையை மேல்நோக்கித் தாங்கியிருக்க, மறு கையால் கொடியை நிதானமாக இழுக்க வேண்டும். தாங்கும் கையை எடுத்துவிட்டு இழுத்தால் கர்ப்பப்பையே உள்வெளியாகப் புரண்டு வந்துவிடலாம். இன்று ஐந்தாறு பேருக்கு அந்தத் தாங்கும் கைதான் நழுவியது. கண் கொடியிலேயே இருந்தால் அடுத்த கை தன்னால் தளர்ந்துவிடும். நஞ்சுக்கு அம்ஹாரிக்கில் "விருந்தாளிப் பிள்ளை" என்று பொருள்படும் பெயர். அந்த விருந்தாளி முழுசாக வெளியே வந்தாரா என்று தட்டில் பரப்பி, இரு பக்கமும் திருப்பிப் பார்த்த பிறகுதான் அடுத்த வேலை.

விரிப்பில் 500 மில்லி, அல்லது 300 தாண்டியதோடு நாடியோ ரத்த அழுத்தமோ சரியில்லை என்றால், காத்திருக்காமல் குரல் கொடுக்க வேண்டும். கர்ப்பப்பையைத் தேய்த்து இறுக்கு. சிறுநீர்ப்பையைக் காலி செய். 20 யூனிட் ஆக்ஸிடோசின் ஒரு லிட்டர் சலைனில், நிமிடத்துக்கு 60 சொட்டு. டிரானெக்ஸாமிக் அமிலம் 1 கிராம் நரம்பில், நிமிடத்துக்கு ஒரு மில்லியாகப் பத்து நிமிடம். நஞ்சு மிச்சம், கிழிசல் எல்லாம் தேடிப் பார். டிரானெக்ஸாமிக் அமிலத்துக்குப் பிரசவத்திலிருந்து மூன்று மணி நேரம்தான் கெடு. தாமதிக்கும் ஒவ்வொரு 15 நிமிடத்துக்கும் பலன் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறையும்.

மறந்துபோவது எப்போதும் சிறுநீர்ப்பை. நிரம்பிய சிறுநீர்ப்பை கர்ப்பப்பையை மேலே தள்ளி இறுகவிடாது. மருந்து மேல் மருந்து போட்டும் ரத்தம் நிற்காமல், கதீட்டர் போட்டு வடித்ததும் கர்ப்பப்பை கிரிக்கெட் பந்து போலக் கெட்டியாவது உண்டு. நான்காவது ஒத்திகையில்தான் யாரும் நினைவூட்டாமலே கை கதீட்டருக்குப் போனது.

நான்காம் நாள், புதன்: குழந்தை, பிறகு காகிதம்

புதனும் வெள்ளியும் ஆர்த்தடாக்ஸ் விரத நாள். இறைச்சி, பால், வெண்ணெய் எதுவும் கிடையாது. கர்ப்பிணிக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் விலக்கு உண்டு என்றாலும் நிறையப் பேர் விரதத்தை விடுவதில்லை. ரத்தசோகைக்கு மாத்திரை கொடுக்கும்போது இதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அழாத குழந்தைக்கு ஒரு நிமிடம்தான் அவகாசம். துடை, ஈரத்துணியை மாற்று, முதுகை மேலும் கீழும் தேய். மூச்சு வரவில்லையா, பையும் மாஸ்க்கும். நிமிடத்துக்கு 40 தரம். "அழுத்து, இரண்டு, மூன்று" என்று வாய்விட்டு எண்ணினால் சரியாக வரும். நெஞ்சு எழவில்லை என்றால் பலமாக அழுத்துவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். அது தவறு. மாஸ்க் ஓரத்தில் காற்று கசிகிறதா, தலை அதிகம் பின்னால் சாய்ந்துவிட்டதா, வாயில் சளி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெரியவர்களுக்குச் செய்வது போலத் தலையைப் பின்னுக்குத் தள்ளினால் குழந்தையின் மூச்சுக்குழாய் மடங்கிக்கொள்ளும். பூவை முகர்வது போல லேசாகத் தூக்கினால் போதும். மாஸ்க்கின் அளவும் முக்கியம்: கண்ணை மூடக் கூடாது, முகவாயைத் தாண்டக் கூடாது.

மாலையில் பிரசவ வரைபடம்: பிரசவம் எப்படி முன்னேறுகிறது என்று நேரத்தோடு குறிக்கும் தாள். இந்தத் தாளின் முன்னோடி ஆப்பிரிக்காவில்தான் பிறந்தது. 1972-ல், அன்றைய ரொடீசியாவில் (இன்றைய ஜிம்பாப்வே), பெரிய மருத்துவமனையிலிருந்து தூரத்தில் வேலை பார்த்த மருத்துவச்சிகளுக்காக ஃபில்பாட்டும் காஸிலும் உருவாக்கியது. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட புதிய தாள் கர்ப்பப்பை வாய் 5 சென்டிமீட்டர் திறந்ததிலிருந்து தொடங்குகிறது. 5-லேயே ஆறு மணி நேரம், 6-ல் ஐந்து, 7-ல் மூன்று, 8-ல் இரண்டரை, 9-ல் இரண்டு மணி நேரம் நின்றுவிட்டால் எச்சரிக்கை. குழந்தையின் இதயத் துடிப்பை அரை மணிக்கொரு தரம் மரக்குழலில் காது வைத்து எண்ண வேண்டும். 110-க்குக் கீழே, 160-உம் அதற்கு மேலும் ஆபத்துக் குறி.

பழைய தாள்களைப் பெயர் மறைத்து எடுத்துப் பார்த்தோம். பிரசவம் முடிந்த பிறகு உட்கார்ந்து நிரப்பியவை பார்த்தவுடனே தெரியும்: தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே பேனா, ஒரே அழுத்தம், எல்லா இடத்திலும் துடிப்பு 140. மூன்று பேருக்கு வலி எடுத்திருக்கும் இரவில் தனியாக இருக்கும் மருத்துவச்சிக்கு எழுத நேரம் இல்லை என்பது உண்மை. கடிந்துகொள்வதால் தாள் உண்மையாகிவிடாது. தாளைக் கட்டிலின் கால்மாட்டிலேயே பலகையோடு தொங்கவிட்டு, பேனாவை நூலில் கட்டி, எண்ணியதும் அங்கேயே ஒரு புள்ளி வைக்கச் சொன்னோம். மேசைக்கு நடந்து போய் எழுத வேண்டும் என்றால் எழுதப்படாது.

ஐந்தாம் நாள், வியாழன்: அத்தாத்

வொல்கிட்டேயிலிருந்து ஹொசானா போகும் சாலையில் அத்தாத் மருத்துவமனை. எத்தியோப்பியாவின் முதல் பிரசவக் காத்திருப்பு இல்லம் 1976-ல் இங்கேதான் தொடங்கியது. முன்பு வயிற்றைக் கிழித்துப் பிள்ளை எடுத்தவர்கள், இரட்டைக் கரு, குறுக்கே கிடக்கும் பிள்ளை, முன்பு செத்துப் பிறந்தது, ஃபிஸ்டுலா (நீண்ட பிரசவத்தில் பிறப்புப் பாதையில் விழும் ஓட்டை) தைத்தவர்கள் எல்லாம் தேதிக்குச் சில வாரம் முன்பே வந்து மருத்துவமனை வளாகத்திலேயே தங்குகிறார்கள். கூட ஒரு துணை. வலி எடுத்தால் பிரசவ அறைக்கு நடந்தே போய்விடலாம்.

1987 முதல் 2008 வரை அத்தாத்தில் நடந்த 24,000-க்கும் மேற்பட்ட பிரசவங்களை ஆராய்ந்திருக்கிறார்கள். இல்லத்தில் தங்கிப் பெற்றவர்களில் லட்சத்துக்கு சுமார் 90 தாய்மார் இறந்தார்கள், நேரே வந்தவர்களில் 1,300-க்கு மேல். செத்துப் பிறந்தவை ஆயிரத்துக்கு 18-ம் 191-ம். இந்த எண்களை அப்படியே இல்லத்தின் பெருமையாக எடுத்துக்கொள்ள முடியாது. நேரே வந்தவர்களில் பலர் வீட்டில் இரண்டு நாள் வலித்து, ஒன்றும் முடியாமல் போன பிறகு கரேசாவில், அதாவது தூக்குக் கட்டிலில், தோள் மாற்றித் தோள் மாற்றித் தூக்கி வரப்பட்டவர்கள். ஒப்பீடு சமமானதல்ல. ஆனால் அந்தப் பெண்கள் முன்பே வந்து தங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கும் பதில் அதே எண்களில்தான் இருக்கிறது.

காத்திருப்பு இல்லம் கட்டுவது சுலபம், நிரப்புவது கடினம். சமைக்க விறகு யார் தருவது, வீட்டில் மாட்டையும் மற்ற பிள்ளைகளையும் யார் பார்ப்பது, துணைக்கு வருகிறவருக்குச் சாப்பாடு எங்கே என்ற மூன்றுக்கும் விடை இல்லாத இல்லங்கள் காலியாகக் கிடக்கின்றன. அடுப்பங்கரை இல்லாமல் கட்டிய இல்லத்தில் யாரும் தங்க மாட்டார்கள். பிள்ளை பெற்றவளுக்கு இங்கே கென்ஃபோ கொடுப்பது வழக்கம்: மாவைக் கெட்டியாகக் கிண்டி, நடுவில் குழி பறித்து, மசாலா சேர்த்த வெண்ணெயும் மிளகாய்ப் பொடியும் ஊற்றுவார்கள். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து காபி வறுத்துக் குடிப்பார்கள். சுகாதார நிலையத்திலேயே கென்ஃபோ கிண்டவும் காபி வறுக்கவும் இடம் கொடுத்தது எந்தச் சுவரொட்டியை விடவும் பலித்திருக்கிறது.

படுக்கவைப்பதிலும் இதே விஷயம். வீட்டில் மண்டியிட்டோ குந்தியோ பெற்றவளை உயரக் கட்டிலில் ஏற்றி, காலைத் தூக்கிக் கட்டுவது அவளுக்கு அவமானம். தரையில் ஒரு கழுவக்கூடிய மெத்தை, பிடித்துக்கொள்ள ஒரு கயிறு, பின்னால் தாங்க அவள் அம்மா. மருத்துவச்சியும் தரையில் மண்டியிட்டுப் பிள்ளை ஏந்தப் பழக வேண்டும். இன்று பிற்பகல் அதையே செய்தோம். கையுறையையும் தட்டையும் தரைமட்டத்தில் எங்கே வைப்பது என்பதுதான் பெரிய சிக்கலாக இருந்தது. குறுங்கால் முக்காலி ஒன்று அதைத் தீர்த்தது.

ஆறாம் நாள், வெள்ளி: வலிப்பும் வழியும்

மெக்னீசியம் சல்பேட் மலிவான மருந்து. 2002-ல் வெளிவந்த மேக்பை ஆய்வு, முன்சூல்வலிப்பு (கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஏறும் நோய்) உள்ள பெண்ணுக்கு வலிப்பு வரும் வாய்ப்பை இது பாதியாகக் குறைக்கிறது என்று காட்டியது. அப்படியிருந்தும் சின்ன நிலையங்களில் இதைத் தொடப் பயப்படுகிறார்கள். பயத்துக்குக் காரணம் கணக்கு. ஆம்பூல் 50 சதவீதம். நரம்பில் போக வேண்டியது 20 சதவீதம்.

இன்று கரும்பலகையை விட்டுவிட்டு சிரிஞ்சோடு செய்தோம். 20 மில்லி சிரிஞ்சில் 50 சதவீத மருந்து 8 மில்லி (அது 4 கிராம்), ஊசித் தண்ணீர் 12 மில்லி. ஐந்து நிமிடத்துக்குக் குறையாமல் நரம்பில். அடுத்து இரு பிட்டத்திலும் ஆழமாக, ஒவ்வொன்றிலும் 5 கிராம், அதாவது கலக்காத 10 மில்லி. வலி தெரியாமலிருக்க அதே சிரிஞ்சில் 2 சதவீத லிக்னோகெய்ன் 1 மில்லி. மொத்தம் 14 கிராம். இதைப் போட்டுவிட்டுத்தான் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். அனுப்பிவிட்டு அங்கே போடுவார்கள் என்று விட்டால், வழியில் வண்டியிலேயே வலிப்பு வரும்.

பிழை இரண்டு இடத்தில். தண்ணீர் கலக்காமல் நரம்பில் போடுவது ஒன்று. ஆம்பூல் அளவு மாறி வரும்போது "ஒரு ஆம்பூல், இரண்டு ஆம்பூல்" என்று எண்ணுவது இன்னொன்று. ஆம்பூலை எண்ணக் கூடாது, கிராமை எண்ண வேண்டும். அடுத்த டோஸுக்கு முன் மூன்று சோதனை: மூச்சு நிமிடத்துக்கு 16-க்குக் குறையவில்லை, முழங்காலைத் தட்டினால் உதறுகிறது, சிறுநீர் மணிக்கு 30 மில்லியாவது வருகிறது. மூச்சு அடங்கினால் கால்சியம் குளுக்கோனேட் 1 கிராம், 10 சதவீதத்தில் 10 மில்லி, மெதுவாக. அந்த ஆம்பூலை மெக்னீசியம் பெட்டிக்குள்ளேயே பிளாஸ்டரால் ஒட்டி வைத்தோம். மாற்று மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் மருந்தைத் தொடும் பயம் பாதி போகும்.

பிற்பகலில் அனுப்பும் வழி. ஆம்புலன்ஸ் வொரேடாவுக்கு, அதாவது வட்டாரத்துக்கு, ஒன்று என்பது பொதுவான ஏற்பாடு. அது வேறொருவரை ஏற்றிப் போயிருந்தால்? டீசல் இல்லாவிட்டால்? மழைக்காலத்தில் எந்த வளைவில் சக்கரம் புதையும்? ஒவ்வொரு ஜோடியும் தங்கள் நிலையத்திலிருந்து மருத்துவமனை வரை வரைபடம் வரைந்து, இரண்டாவது வண்டி யாருடையது என்று எழுதினார்கள். ஒருவர் பஜாஜ், ஒருவர் லாரி, ஒருவர் கரேசா தூக்கும் ஆட்களின் குழு. அனுப்பும்போது மருத்துவச்சியும் கூடப் போக வேண்டும். கையில் ஆக்ஸிடோசின், சிரிஞ்சு, பையும் மாஸ்க்கும். முன்கூட்டியே ஃபோன், அதில் மூன்றே தகவல்: என்ன பிரச்சினை, என்ன கொடுத்தோம், எத்தனை மணிக்கு. மூன்றாவதோடு பகலா இரவா என்று.

ஏழாம் நாள், சனி: வொல்கிட்டே

சான்றிதழ் கொடுக்கும் சடங்கு சுருக்கமாக முடிந்தது. மாமா நடாலி வட்டார அலுவலக அலமாரியில் பூட்டப்படாமல், ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு மாதம் என்று சுற்றும். அது இல்லாத மாதங்களில் ஒரு துணிப்பை, சுருட்டிய துண்டு, சாயத் தண்ணீர் நிறைத்த சலைன் பாட்டில் போதும், செய்து பார்த்தாயிற்று.

மூன்று மாதம் கழித்து வந்து பார்க்க வேண்டியவற்றை எழுதி வைத்தோம். குளிர்பெட்டியின் வெப்பநிலைத் தாளில் இடைவெளி இருக்கிறதா. ரத்தப்போக்குப் பெட்டியின் நாடாவில் என்ன தேதி. முன்னறிவிப்பில்லாமல் கேட்டால் ஆக்ஸிடோசின் கைக்கு வர எத்தனை வினாடி. ஒத்திகைத் தாளில் எத்தனை வரி. மீண்டும் எழுத்துத் தேர்வு வைக்கப்போவதில்லை.

ஒத்திகைத் தாள் பிரசவ அறைச் சுவரில், கழுவுதொட்டிக்கு மேலே ஒட்டியிருக்கிறது. ஐந்து கட்டம்: நாள், நேரம், யார், எது, எத்தனை நிமிடம். நேற்று இரவு ஷிஃப்டில் இருந்த இருவர் யாரும் சொல்லாமலே முதல் வரியை நிரப்பியிருக்கிறார்கள்: வெள்ளி, இரவு 4 மணி (நம் கணக்கில் பத்து), இருவர், ரத்தப்போக்கு, மூன்றரை நிமிடம். ஓரத்தில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு: கதீட்டர் மறக்கவில்லை.